ஒரு தரமும் ஓடாத தகடு

சேலத்து அச்சகக்காரர்கள் சிலர் தங்கள் மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பிலிமும் இல்லாமல், இருட்டறையும் இல்லாமல், மையைத் துளித்துளியாகத் தெளித்துச் சூட்டில் இறுக்கி அச்சுத் தகடு செய்யும் இயந்திரம் ஒன்று தொண்ணூறுகளின் கடைசியில் ஏற்காட்டுக்குச் சோதனைக்கு வந்தது. அதில் வேலை பார்த்தவள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "டெக்னிக்கலா எழுதுங்கம்மா, இப்பத்திப் பசங்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றார் வந்தவர். முடிந்தவரை அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த இயந்திரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூன்று நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன. அந்த மூன்று நாளில் நடந்ததை எந்தத் தொழில்நுட்பக் கட்டுரையிலும் சேர்க்க முடியுமா என்று தெரியவில்லை.

நான் ஏற்காடு மலையில் உள்ள வாழவந்திக்காரி. எழுபதுகளின் கடைசியில், பத்தாவது முடித்த கையோடு, ஏற்காடு பஜாருக்குப் பின்னால் காதர் பாய் நடத்திய அச்சகத்தில் சேர்ந்தேன். காப்பி மூட்டை லேபிள், பள்ளிக்கூட மலர், லாட்ஜ்களின் விளம்பரத் தாள் என்று மலையில் உள்ள வேலை எல்லாம் எங்களிடம்தான் வரும். இரண்டு வருஷம் தாள் அடுக்கினேன், தாள் எண்ணினேன். பிறகு தகடு செய்யும் அறைக்கு என்னை மாற்றினார்கள். அங்கே ஃபோர்மன் சவரிமுத்து சார்.

தகடு என்பது மெல்லிய அலுமினியத் தாள். அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எழுத்தும் படமும் உள்ள இடம் மையை வாங்கும். வெற்றிடம் தண்ணீரை வாங்கும், மையைத் தள்ளும். மொத்தத் தொழிலும் இவ்வளவுதான். ஆனால் எந்த இடம் எதை வாங்கும் என்பதைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. அதை வெளிச்சத்தில் வைப்பதில் நொடிக் கணக்குத் தவறினால் எல்லாம் போயிற்று.

சவரிமுத்து சார் கடிகாரம் பார்க்க மாட்டார். விளக்கைப் போட்டுவிட்டு அருள் நிறைந்த மரியே செபத்தை உதட்டுக்குள் சொல்வார். வெயில் நாளில் ஐந்து செபம். பனிமூட்டம் இறங்கி ஜன்னல் கண்ணாடி நனைந்திருந்தால் ஆறு. ஒரு தடவையும் தவறியதில்லை. தகடு கழுவி முடிந்ததும் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் சரிந்து விழும்படி சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலை நனைத்து ஒரு மூலையில் தேய்ப்பார். பிறகு ஒரே வார்த்தை. "ஓடும்." அல்லது "ஓடாது." ஏன் என்று கேட்டால் பதில் வராது. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். இருபது வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

எண்பதுகளின் நடுவில் அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா காணாமல் போனாள். பத்தொன்பது வயது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார் சார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், வயதில் நொம்பப் பெரியவர். காலையில் பால் வாங்கப் போன பெண் திரும்பவில்லை. பனிக்குள் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனதைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். அதிலிருந்து ஊரே ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் படகில் போய்த் துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் சார் தகட்டறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, தனியாக, மகளின் படம் போட்டு, "காணவில்லை" என்கிற நோட்டீசுக்குத் தகடு செய்தார். ஆயிரக்கணக்கில் ஓட வேண்டுமென்று அதை அடுப்பில் சுட்டு உறுதியும் ஆக்கினார். அந்த வாரம் எங்கள் அச்சு இயந்திரத்தில் உருளை பழுது. அதனால் தகட்டைச் சேலத்துக்குக் கொண்டுபோய் அடித்து, சேலத்திலிருந்து ஈரோடு வரைக்கும் தன் கையாலேயே ஒட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். ஏற்காட்டில் ஒட்டவில்லை. இங்கே அவளைத் தெரியாதவர் யார் என்றார். நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அவருடைய மனைவி ரோசி அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். யார் ஏறி வந்தாலும் "கீழ நோட்டீஸ் பாத்தீங்களா?" என்று கேட்பார். மூன்று வருஷம் கேட்டார். பிறகு நிறுத்திவிட்டார். "அத்தனை ஊர்ல ஒட்டியும் ஒருத்தரும் வந்து சொல்லலீன்னா, அவ உசுரோட இல்லீன்னுதான கண்ணு அர்த்தம்?" என்றார் என்னிடம். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் புருஷனும் மனைவியும் போய், கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையின் அடியில் மகளுக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். அவளுக்கென்று குழி இல்லையே.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன்.

அதைக் கொண்டுவந்தவர் வரதராஜன் என்கிற இன்ஜினியர், கோயமுத்தூர்க்காரர். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, எந்நேரமும் கையில் நோட்டு. மலைக் குளிரிலும் ஈரத்திலும் இயந்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க எங்கள் அச்சகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால், ஊசிமுனையைவிடச் சின்னத் துளைகள் வழியாக ஒரு திரவத்தைத் தகட்டின்மேல் தெளித்துக்கொண்டே போகும். தெளித்த தகட்டை அடுப்பில் வைத்தால் திரவம் இறுகி மை வாங்கும் பரப்பாகிவிடும். பூச்சு வேண்டாம், வெறும் தகடே போதும். ஆகவே பழைய தகடுகளைச் சுரண்டித் திரும்பப் பயன்படுத்தலாம் என்றார். காதர் பாய்க்கு அது பிடித்துப் போனது.

சோதனைக்கு எடுத்தது ஒரு லாட்ஜின் விளம்பரத் தாள். ஏரி, நடுவில் ஒரு படகு, கரையில் மரங்கள். அன்று சவரிமுத்து சார் கண் காட்டச் சேலம் போயிருந்தார். சுரண்டி வைத்த தகடுகளை நான் புரட்டினேன். ஒருமுறை அச்சு இயந்திரத்தில் ஏறி இறங்கிய தகட்டின் இரண்டு ஓரமும் மடங்கியிருக்கும். எவ்வளவு தட்டினாலும் அந்தத் தடம் போகாது. அடுக்கின் அடியில், பழைய காகிதத்தில் சுற்றி, ஒன்று மட்டும் ஓரம் மடங்காமல் பலகைபோல் நேராக இருந்தது. சோதனைக்கு இதுதான் சரி என்று அதையே எடுத்தேன்.

பனி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. பகல் பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். ஈரத்தில் துளிகள் பரவாமல் இருக்க, தகட்டை முதலில் லேசாகச் சூடுபடுத்தி, பிறகு தெளித்து, பிறகு அடுப்பில் வைத்தோம். அச்சு இயந்திரம் ஓட்டும் கோவிந்தன் முதல் தாளை எடுத்துக் காட்டினார். ஏரி நன்றாக விழுந்திருந்தது. ஆனால் தண்ணீரில், படகுக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறை.

"மை தெறிச்சிருச்சுங்களா?" என்றார் கோவிந்தன்.

"துளை அடைச்சிருக்குமுங்க" என்றார் இன்ஜினியர். தகட்டைக் கழுவி, துளைகளையும் சுத்தம் செய்தார். கோளாறு இயந்திரத்திலா தகட்டிலா என்று தெரிய வேண்டும் என்று, அதே தகட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி தெளிக்கச் சொன்னார். கோளாறு துளையில் என்றால் கறை தண்ணீரிலேயே இருக்க வேண்டும்.

இருக்கவில்லை. கறைகள் வானத்துக்குப் போயிருந்தன. மரங்களுக்கு மேலே, தலைகீழாக. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைந்த கோடும் சேர்ந்திருந்தது. நான் தாளைத் திருப்பிப் பிடித்தேன்.

இரண்டு கண்கள். மேலே புருவம்.

"தகட்டுலதானுங்க இருக்குது" என்று மெதுவாகச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார் இன்ஜினியர். முன்பு இருந்த படத்தின் பூச்சுப் பிசின் தகட்டின் நுண்ணிய குழிகளுக்குள் ஒட்டியிருக்கும், சூட்டில் இளகி மேலே வருகிறது என்றார். சரியான விளக்கம்தான். இன்று நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒன்று. அச்சில் முகம் என்பது புள்ளிகள். தலைமுடிதான் கெட்டிக் கறுப்பு. எச்சம் எதாவது மிஞ்சினால் முதலில் முடி வர வேண்டும், கண் கடைசியில்தான் வர வேண்டும். கண் ஏன் முதலில் வந்தது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்ஜினியரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் சார் வந்தார். மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். வழக்கம்போல் ஒரு வார்த்தையில் முடிப்பார் என்று நின்றேன். அவர் பேசினார். பேசிக்கொண்டே போனார்.

"ஈரங்க. வெறும் ஈரம். இந்த மலையில இதெல்லாம் சகஜம். அந்தத் தகட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு வேற எடு. எத்தனையோ தகடு கிடக்குது. எதுக்கு இதையே கட்டிட்டு அழுவறீங்க?"

"இல்லீங்க சார்" என்றார் இன்ஜினியர். "எதனால வருதுன்னு நான் எழுதியாகணும். நாளைக்குச் சூட்டைக் கூட்டிப் பாத்தர்றனுங்க."

சார் தகட்டின்மேல் கை வைத்தார். எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று இன்ஜினியர் ஏதோ எழுதுவதும் கணக்குப் போடுவதுமாகவே பகலை ஓட்டினார். மூன்றாம் நாள்தான் சூட்டைக் கூட்டினோம். தகட்டைப் பழையபடி நேராக வைத்துத் தெளித்து, அடுப்பில் வைத்து, கையுறை போட்டு நான்தான் வெளியே எடுத்தேன். ஆற ஆற, உலோகத்துக்குள்ளிருந்து பழுப்பாக ஒன்று ஏறி வந்தது. முதலில் கண், பிறகு மூக்கின் நிழல், வாய். கடைசியாக நெற்றியைச் சுற்றி முடி. நான் மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்பதுபோல் நின்றேன்.

கோவிந்தன் இயந்திரத்தை ஓட்டினார். தாளுக்குத் தாள் தெளிவாகிக்கொண்டே வந்தது. ஏழாவது எட்டாவது தாளில் ஏரித் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு பெண் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். படகு அவள் நெற்றிமேல் நின்றது. கோவிந்தன் இயந்திரத்தை நிறுத்தினார்.

"சார் பொண்ணுங்க" என்றார். "ஏரிக்குள்ளாற இருந்து பாக்குதுங்க." கையைக்கூடத் துடைக்காமல் வெளியே போய்விட்டார். அன்று முழுக்க உள்ளே வரவில்லை.

மீதித் தாள்களை நானே ஓட்டினேன். பன்னிரண்டாவது தாளில் மர உச்சிக்கு மேலே எழுத்தும் தெரிந்தது. "காணவில்லை" என்று. அதற்கு அடுத்த தாளிலிருந்து எல்லாம் மங்கத் தொடங்கியது. பிசின் கரைந்துகொண்டிருந்தது. இன்னும் முப்பது தாள் போனால் வெறும் ஏரிதான் இருக்கும் என்று தோன்றியது. நிறுத்தினேன்.

எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில்தான் எனக்கு அது உறைத்தது. நேற்று முன்தினம் நான் எடுத்தபோது இந்தத் தகட்டின் ஓரம் மடங்கவே இல்லை. இது எந்த இயந்திரத்திலும் ஏறியதில்லை. சேலத்திலும் இல்லை, எங்கேயும் இல்லை.

திரும்பினேன். சார் வாசலில் நின்றிருந்தார்.

"எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுரு கண்ணு."

அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சார், இந்தத் தகடு ஒரு தரமும் ஓடலீங்களே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புழக்கத்தில் இல்லாத பழைய இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முணுமுணுப்புக் கேட்டது. செபம். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது, நிற்கவே இல்லை. இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் பன்னிரண்டாவது தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியெல்லாம் பயம். இருபது வருஷம் எனக்குச் சோறு போட்ட அறையின் ஃபோர்மன் அவர். அவர் ஊட்டுக்குள் போய் நான் எதை உடைக்கப் போகிறேன்? பனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு தடவை திரும்பிவிட நினைத்து நின்றேன். அப்புறம் சிலுவையடியில் ஏற்றுகிற அந்த மெழுகுவத்தி ஞாபகம் வந்தது. நடந்தேன்.

ரோசி அக்கா தையல் மிஷினில் இருந்தார். தாளை அவர் மடியில் விரித்தேன். வெகுநேரம் பார்த்தார். முகத்தின்மேல் விரல் வைத்தார், மை ஒட்டிக்கொண்டது.

"மறுபடியும் அடிக்கறீங்களா சரோஜா? எதுக்குக் கண்ணு இப்ப?"

"மறுபடியும் இல்லீங்கக்கா. இன்னைக்குத்தான் மொத மொதல்ல அடிச்சிருக்குது. அன்னைக்கு இத அடிக்கவே இல்லீங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. நான் ஓரம் மடங்காததைச் சொன்னேன். கையால் மடித்துக் காட்டிச் சொன்னேன். தையல் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அப்ப... யாருமே இதப் பாக்கலையா?"

"பாக்கலீங்கக்கா."

"பாத்துட்டுச் சொல்லாம இருக்கல. பாக்கவே இல்ல." இதையே இரண்டு மூன்று தரம் சொன்னார். பிறகு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் என்னோடு வந்தார்.

இருட்டறைக் கதவைத் தட்டவில்லை அவர். திறந்தார். சார் பழைய தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார். ரோசி அக்கா தாளை மட்டும் நீட்டினார். சார் தானாகவே சொன்னார். மகள் போன அன்று அவருடைய மாற்றுச் சட்டைப் பையில் கடிதம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கல்யாணம் வேண்டாமென்று மூன்று தரம் சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை, என்னைத் தேடாதீர்கள் என்று. அவர் அதை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தார். தகடு சுட்டு முடித்த பிறகு. கடிதத்தை அதே அடுப்பில் போட்டார்.

"நோட்டீசப் பாத்து அவ வந்தா, எதுக்குப் போனேன்னு ஊரு கேக்கும். அவ சொல்லுவா. எம்மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? தகட்ட அழிச்சேன். தூக்கிப் போட மனசு வரல."

"உசுரோட இருக்காளான்னு உங்களுக்குத் தெரியுமா?"

சார் செபமாலைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தார். பவானி முத்திரை. நலமாக இருக்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள் என்று ஒரே வரி. முகவரி இல்லை. அவள் போன ஆறாம் மாதம் அச்சகத்துக்கு வந்திருக்கிறது.

ரோசி அக்கா அதைப் படித்தார். அவர் புருஷனை நீங்க என்று தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"இதப் பையில வெச்சுக்கிட்டா எங்கூட வந்து மெழுகுவத்தி ஏத்துன நீ?"

சார் தலையை நிமிர்த்தவில்லை. அந்த அறையில் அதற்குமேல் நிற்க என்னால் முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ரோசி அக்கா பவானிக்குப் போனார். கையில் நான் கொடுத்த நல்ல தாள்கள் ஐந்து. ஏரிக்குள் இருக்கும் முகத்தைக் காட்டிக் காட்டித் தெருத் தெருவாகக் கேட்டிருக்கிறார். பார்த்தவர்கள் செத்துப்போன பெண்ணின் படம் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எட்டாம் நாள் ஒரு ஜமுக்காளத் தறிக்கூடத்தில் வயதான நெசவாளி ஒருத்தர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஸ்டெல்லா அல்லங்க? உள்ள குஞ்சம் கட்டிட்டு இருக்குது" என்றாராம்.

இதற்குள் இன்ஜினியர் இயந்திரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது தன் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். பழைய தகடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை. "எழுதுனா நம்ப மாட்டாங்க" என்றார்.

அடுத்த வாரம் ஒரு மதியம் தாயும் மகளும் அச்சகத்துக்கு வந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு முப்பத்துச் சொச்சம் வயசு, மெலிந்த உடம்பு, விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த தழும்பு. நாலு மணிப் பஸ்ஸில் திரும்பிப் போய்விட வேண்டும், அம்மாவுக்காகத்தான் வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். அந்தத் தகட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். எடுத்து வைத்தேன். உருவம் அநேகமாகப் போயிருந்தது. சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அவள் சாய்த்துப் பிடித்தாள், அப்பா பிடிப்பதைப்போலவே.

சவரிமுத்து சார் எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"தேடாதீங்கன்னு நீதான எழுதுன."

"எழுதுனேன்" என்றாள். "எழுதிட்டு ரெண்டு வருசம் போற ஊர்லயெல்லாம் சுவத்தையே பாத்துட்டு நடந்தேன். எங்கப்பா நெனச்சா ஒரே நாள்ல ஆயிரம் அடிப்பாரு, எங்காச்சும் ஒண்ணு ஒட்டியிருப்பாருன்னு. ஈரோட்டுல பாத்தேன், சங்ககிரியில பாத்தேன். எம்பட மூஞ்சி எங்கயாச்சும் ஒரு சுவத்துல இருந்திருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேனுங்கப்பா."

சார் இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி முன்னால் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கிற்று. ரோசி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டெல்லா தகட்டை மேசையில் வைத்தாள். வெளியே பஜாரில் நாலு மணிச் சேலம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டு தரம் அடித்தது. பிறகு கிளம்பிப் பனிக்குள் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.